மூன்று டெல்டாக்களின் ஆங்கிலம்

வியட்நாமின் மீகாங் டெல்டாவிலிருந்து பேசும் பெண் அரிசியை ஆங்கிலத்தில் ‘ரை’ என்பார். நம் காவிரி டெல்டாவின் தலைஞாயிறு பக்கத்து விவசாயி ‘ரைஸு’ என்பார். நைல் டெல்டாவின் மன்சூரா நகரத்துப் பொறியாளருக்கு அரிசியில் தொல்லை இல்லை. அதன் விலையைக் கேட்கும்போதுதான் சறுக்குவார். அரபியில் ‘பல்’லின் முதல் ஒலி கிடையாது, ‘பஸ்’ஸின் முதல் ஒலிதான் உண்டு. மூவரும் நெல் விளையும் ஊர்க்காரர்கள். மூவருக்கும் ஆங்கிலம் அடுத்த வீட்டு மொழி. வாரம் ஓர் இரவு இவர்களை உட்கார வைத்துப் பேச வைப்பது என் வேலை.

பல நாட்டவர் சேர்ந்து ஆங்கிலம் பழகும் ஓர் இணையக் குழுவில் நான் சம்பளமில்லாத ஆசிரியை. பகலில் கும்பகோணத்தில் கல்லூரி மாணவர்களுக்கு ஆங்கிலம் நடத்துகிறேன். இரவு எட்டரைக்கு இந்த வகுப்பு. அப்போது வியட்நாமில் மணி பத்து, எகிப்தில் மாலை ஐந்து, அங்கே கோடை என்றால் ஆறு. கூகுள் மீட்டின் இலவசக் கூட்டம் ஒரு மணி நேரத்தில் தானாகவே முடிந்துவிடும் என்பதால் வகுப்பும் ஒரு மணி நேரம்தான். (கல்லூரிக் கூட்டங்களுக்கும் இப்படி ஓர் ஏற்பாடு இருந்தால் எவ்வளவு புண்ணியமாக இருக்கும்!) மிச்சப் பேச்செல்லாம் வாட்ஸ்ஆப்பில் குரல் பதிவுகளாக ஓடும். ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டால் நம் பக்கத்து ஆட்களில் பாதிப் பேர் மின்சாரமில்லாமல் காணாமல் போவார்கள். தை பிறந்தால் அறுவடை. மீதிப் பேரும் வர மாட்டார்கள்.

நம் மாவட்டங்களிலிருந்து வருபவர்களில் செவிலியர் படிப்பு முடித்த பெண்கள் அதிகம். அயர்லாந்து, பிரிட்டன் என்று ஆளுக்கொரு திசை. அடுத்து, வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ வேலை பார்த்துத் திரும்பியவர்கள். அங்கே புரிந்துகொண்ட அளவுக்குப் பேச வரவில்லையே என்ற குறை இவர்களுக்கு. எந்தக் காரணமும் சொல்லாமல் வருபவர்களும் உண்டு. தலைஞாயிற்று அண்ணன் அந்த வகை. அவருக்குத் தேர்வும் இல்லை, விசாவும் இல்லை. “சும்மாதான் டீச்சர்” என்பார்.

பல வருடம் கும்பகோணத்தில் பாடம் நடத்தியும் விளங்காத ஒன்று இந்த வகுப்பில்தான் எனக்கு உறைத்தது. தமிழர்கள் மட்டும் உட்கார்ந்திருக்கும் அறையில் ஆங்கிலப் பேச்சைச் சொல்லிக்கொடுக்கவே முடியாது. நாம் பேசும் ஆங்கிலம் நமக்குப் புரிந்துவிடுகிறது என்பதுதான் காரணம். பேசுபவர் எந்தத் தமிழ் வாக்கியத்திலிருந்து கிளம்பினார் என்று கேட்பவருக்குத் தெரியும். விட்ட இடத்தைக் காது தானாக நிரப்பிக்கொள்கிறது. புரிந்துவிட்ட வாக்கியத்தை ஆசிரியர் திருத்தினால் அது வெறும் அதிகாரம். மாணவர் தலையாட்டிவிட்டு மறுநாள் பழையபடியே பேசுவார். எதிரில் இருப்பவர் உண்மையிலேயே புரியாமல் விழிக்கும்போது நிலைமை வேறு.

திருத்துறைப்பூண்டிப் பக்கத்துச் செவிலியர் ஒருவர் ஓஇடி தேர்வுக்குத் தயாரானார். மருத்துவத் துறையினருக்கான அந்த ஆங்கிலத் தேர்வின் பேச்சுப் பகுதியில் இரண்டு நடிப்புக் காட்சிகள் வரும். தேர்வெழுதுபவர் செவிலியர், எதிரில் ஒரு நோயாளி. மூன்று நிமிடம் யோசிக்க, ஐந்து நிமிடம் பேச. எங்கள் வகுப்பில் நோயாளி வேடம் மன்சூரா பொறியாளருக்கு. வயிற்றைப் பிடித்துக்கொண்டு நன்றாகவே நடித்தார். இந்தப் பெண் தினமும் மருத்துவமனையில் கேட்பதைப் போலவே, எத்தனை முறை மோஷன் ஆனது என்று கேட்டார். பொறியாளர் வயிற்றிலிருந்து கையை எடுத்துவிட்டார். “எதனுடைய மோஷன்?” என்று பணிவாகக் கேட்டார். லூஸ் மோஷன் என்று இவர் விளக்கினார். எந்த இயந்திரத்தில் எந்தத் திருகாணி தளர்ந்தது என்று அவர் மேலும் குழம்பியது முகத்திலேயே தெரிந்தது. தமிழ்நாட்டின் எந்த ஆஸ்பத்திரியிலும் தடங்கலில்லாமல் ஓடும் சொல் இது. என் கல்லூரி வகுப்பில் சொல்லியிருந்தால் ஒருவருக்கும் இடறியிருக்காது.

அதோடு முடியவில்லை. மாத்திரையை ஒரு நாளைக்கு இரண்டு வேளை எடுத்துக்கொள்ளுங்கள் என்றார் செவிலியர். மாத்திரைக்கு அவர் பயன்படுத்திய ஆங்கிலச் சொல்லைத் தமிழில் ‘பில்’ என்றுதான் எழுத முடியும். கடையில் கொடுக்கும் ரசீதும் தமிழில் அதே ‘பில்’. நோயாளியின் காதில் விழுந்தது ரசீது. “இரண்டு தடவை பணம் கட்ட வேண்டுமா?” என்று கேட்டார். இது நடிப்பில்லை.

சிக்கல் இதுதான். ஆங்கிலத்தில் அந்த மாத்திரைச் சொல் தொடங்கும்போது உதட்டிலிருந்து ஒரு சிறு காற்று வெடித்து வரும். தமிழின் பகரத்தில் அந்தக் காற்று கிடையாது. காற்றில்லாமல் சொன்னால் பிற நாட்டவரின் காதில் அது ரசீதாகத்தான் விழும். நாள்காட்டியில் ஒரு தாளைக் கிழித்து உதட்டுக்கு எதிரே நான்கு விரற்கடை தள்ளிப் பிடிக்கச் சொன்னேன். மாத்திரை என்றால் தாள் ஆட வேண்டும், ரசீது என்றால் ஆடக் கூடாது. இது பழைய வாத்தியார் உத்தி, என் கண்டுபிடிப்பு ஒன்றுமில்லை. அந்தப் பெண் பல முறை சொன்னார்; தாள் அப்படியே தொங்கியது. பக்கத்துச் சட்டத்தில் பொறியாளரும் ஒரு தாளை எடுத்துப் பிடித்துக்கொண்டார், அவருக்கும் அதே ஒலிதானே வராது. அவர் ஊதிய வேகத்தில் தாள் கையை விட்டே பறந்தது. அவரைப் பார்த்துச் சிரித்த சிரிப்பில் இந்தப் பெண்ணின் உதடு இளகியதோ என்னவோ, அடுத்த முறை தாள் ஆடியது. பொறியாளருக்கும் மாத்திரை என்று கேட்டது. அவர் கேட்டுவிட்டேன் என்று சொன்னதும் அந்தப் பெண்ணின் முகத்தில் வந்த நிம்மதியை நான் போடும் எந்த மதிப்பெண்ணும் தந்ததில்லை.

இனி அந்த ‘ரைஸு’க்கு வருகிறேன். புக்கு, கப்பு, கேட்டு என்று நம்மவர் கடைசியில் உகரம் சேர்ப்பதை வைத்து எத்தனை மேடைக் கேலி! சொல்லின் இறுதியில் வரக்கூடிய மெய்கள் என்று தொல்காப்பியர் தருவது ஞ, ண, ந, ம, ன, ய, ர, ல, வ, ழ, ள ஆகிய பதினொன்றை. அதில் வல்லினம் ஒன்றுகூட இல்லை. வல்லினத்தில் நிற்க நேர்ந்தால் கூடவே ஓர் உகரம் வந்தாக வேண்டும்: காடு, பாட்டு, எஃகு. தலைஞாயிற்று அண்ணன் இலக்கணம் தெரியாமல் பிசகவில்லை. தம் இலக்கணத்தை ஆங்கிலத்தின் மேல் ஒழுங்காகச் செலுத்துகிறார். மீகாங் பெண்ணும் அதையேதான் செய்கிறார். வியட்நாம் மொழியில் ‘ஐ’ ஒலிக்குப் பின் எந்த மெய்யும் வராது. எனவே லைன், லைக், லைஃப் எல்லாம் அவர் வாயில் வெறும் ‘லை’.

இரண்டில் எது அதிகம் தொல்லை தருகிறது? ஜெனிஃபர் ஜென்கின்ஸ் என்ற மொழியியலாளர் 2000-இல் வெளியிட்ட ஆய்வு இங்கே எனக்குக் கைகொடுத்தது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் தங்களுக்குள் பேசும்போது எந்த உச்சரிப்பு பேச்சை முறிக்கிறது, எது முறிப்பதில்லை என்று அவர் பிரித்துப் பார்த்தார். பள்ளிகளில் நாக்கைப் பல்லுக்கு நடுவே நீட்டி நீட்டிப் பழக்கும் அந்த ஒலி பெரிய விஷயமில்லை, ‘த’ என்றாலும் புரிந்துவிடும். சொல்லின் தொடக்கத்தில் வரும் அந்தக் காற்று வெடிப்பு முக்கியம். குறில் நெடில் வேறுபாடு முக்கியம். வாக்கியத்தில் எந்தச் சொல்லை அழுத்துகிறோம் என்பது முக்கியம். மெய்யை விழுங்குவதைவிட ஒரு உயிரைக் கூடச் சேர்ப்பது பாதகமில்லாதது. இதைப் படித்தபோது தொல்காப்பியரையும் ஜென்கின்ஸையும் ஒரே பெஞ்சில் உட்கார வைக்கத் தோன்றியது. குறிலும் நெடிலும் பால்வாடியிலேயே தெரிந்த நமக்குக் கப்பலையும் (ஷிப்) செம்மறியாட்டையும் (ஷீப்) ஆங்கிலத்தில் பிரித்துச் சொல்வது ஒரு வேலையே இல்லை. பிற நாட்டுப் பாடப்புத்தகங்கள் இதற்கு அத்தியாயம் அத்தியாயமாகச் செலவழிக்கின்றன. நமக்கு வேண்டிய அத்தியாயம் வேறு: அந்த நாள்காட்டித் தாள்.

டெல்டாக்காரர்களிடம் ஒரு மிடுக்கு உண்டு, அதைச் சொல்லாமல் போனால் சரியாக இருக்காது. தஞ்சாவூரில் சுவார்ட்ஸ் பாதிரியார் காலத்தில், 1780-களிலேயே ஆங்கிலப் பள்ளி வந்துவிட்டது. 1854-இல் தொடங்கிய கும்பகோணம் அரசுக் கல்லூரியைத் தென்னிந்தியாவின் கேம்பிரிட்ஜ் என்று சொல்லிச் சொல்லியே நாங்கள் வளர்ந்தோம். வலங்கைமானில் 1869-இல் பிறந்த வி.எஸ். சீனிவாச சாஸ்திரியின் ஆங்கிலத்தைக் கேட்டு வெள்ளைக்காரர்களே ‘வெள்ளி நாக்கு’ என்று பட்டம் கொடுத்தார்கள். இந்தப் பெருமையோடு வகுப்புக்கு வருபவர்கள், வியட்நாம் பெண் வினைச்சொல்லில் காலம் மாற்றாமல் “போன வருஷம் உப்பு வா, நெல் சா” என்கிற தொனியில் பேசும்போது உதட்டோரம் சிரிப்பார்கள். அவருடைய மொழியில் வினைச்சொல் காலத்துக்கு ஏற்ப மாறுவதே இல்லை. காலத்தைக் காட்டத் தனிச்சொல் போடுவார்கள், ‘போன வருஷம்’ என்று அவர் போட்டும்விட்டார். சிரித்தவர்களுக்கு அவர் சொன்னது முழுவதும் புரிந்தது. அவர்கள் அழகாக நீட்டிப் பேசியதுதான் அவருக்குப் புரியவில்லை.

அதே கும்பகோணம் கல்லூரியில்தான் ராமானுஜன் ஆங்கிலத்தில் தவறிப்போய் உதவித்தொகையை இழந்தார் என்பதையும் எங்கள் ஊர்க்காரர்கள் சொல்லலாம். சொல்வதில்லை. 1913 ஜனவரியில் சென்னைத் துறைமுகக் கணக்குப் பிரிவு எழுத்தராக இருந்து அவர் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்கு எழுதிய கடிதத்தை அங்கே யாரும் ஆங்கிலத்துக்காகப் படிக்கவில்லை.

ஒரு முறை இங்கிலாந்தைச் சேர்ந்த, பணி ஓய்வு பெற்ற ஒருவர் உதவிக்கு வந்தார். நல்ல மனிதர். அவர் வாய் திறந்ததும் எல்லோருடைய மைக்கும் வரிசையாக அணைந்தது. உயிரெழுத்துகளைப் பாதி விழுங்கிப் பேசினார், இரண்டு சிறு சொற்களை ஒட்டி மூன்றாவது பொருள் வரும் வினைகளாகவே அடுக்கினார். அன்றைய வகுப்பில் புரிய வைக்கத் தெரியாத ஒரே ஆள் அவர்தான். ஆனாலும் என் உறவினர் ஒருவர் இன்றுவரை கேட்கிறார்: “வெள்ளைக்காரர் இல்லாத வகுப்பில் என்ன இங்கிலீஷ் வரும்?” வெளிநாடு போகிறவர்கள் எழுதும் ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வின் பேச்சுப் பகுதியில் மதிப்பெண் சரளத்துக்கு, சொல்வளத்துக்கு, இலக்கணத்துக்கு, உச்சரிப்புக்கு. உச்சரிப்பு என்றால் கேட்பவருக்குத் தெளிவாக விளங்குவது, லண்டன்காரர் மாதிரி பேசுவது அன்று. இதை அவருக்குப் பலமுறை சொல்லியாயிற்று. விடுங்கள்.

தண்ணீரைப் பற்றிய வகுப்பைத்தான் முழுதாகச் சொல்ல வேண்டும். அன்று நான் எந்தப் பாடமும் எடுத்துவரவில்லை. 1979-லிருந்து 1984 வரை பெங்களூர், சென்னைப் பள்ளிகளில் என்.எஸ். பிரபு நடத்திய சோதனையில் இலக்கணத்தைத் தனிப் பாடமாக நடத்தவில்லை. ரயில் கால அட்டவணை, வரைபடம் என்று கொடுத்து விடை காணச் சொன்னார்கள், மொழி அந்த வேலைக்குள்ளேயே வந்தது. அந்தத் துணிச்சலில், உங்கள் ஊர் ஆற்றைப் பற்றிச் சொல்லுங்கள் என்று மட்டும் கேட்டுவிட்டு ஒதுங்கிக்கொண்டேன்.

தலைஞாயிறு கடைமடை. மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரிந்து, வாய்க்கால் வாய்க்காலாக இறங்கி, எல்லோரும் எடுத்தது போக மிச்சம் வந்து சேரும் இடம். அண்ணன் அங்கிருந்தே தொடங்கினார். ஜூன் 12-ஆம் தேதி அணை திறக்க வேண்டும் என்றார். மீகாங் பெண்ணுக்கு முதல் சந்தேகம்: ஆற்றை ஏன் திறக்க வேண்டும்? அடுத்த சந்தேகம்: யார் திறப்பார்? “முதலமைச்சர்” என்றார் அண்ணன். நேரில் வந்தா? ஆமாம், பூ தூவித் திறப்பார். அந்தப் பெண் இவர் வேடிக்கை செய்கிறார் என்றே நினைத்தார். பொறியாளருக்கு மட்டும் அதில் வியப்பில்லை; அவர் அஸ்வான் அணை நாட்டுக்காரர்.

அடுத்து, அணையில் எவ்வளவு தண்ணீர் என்ற கேள்வி. “120 அடி, 93 டிஎம்சி” என்றார் அண்ணன், உலகம் முழுக்கத் தெரிந்த அளவு என்ற நம்பிக்கையில். டெல்டாவில் டீக்கடைக்கு டீக்கடை புழங்கும் ஆங்கிலம் அது. வேறு நாட்டவர் அதைக் கேட்டதில்லை. ஆயிரம் மில்லியன் கன அடி என்று விளக்கியதும் பொறியாளர் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார். மேட்டூர் கொள்ளளவு சுமார் 2.65 பில்லியன் கன மீட்டர். கர்நாடகம் தமிழ்நாட்டுக்குத் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் சொன்ன 177.25 டிஎம்சி சுமார் 5 பில்லியன். 1959 ஒப்பந்தப்படி எகிப்தின் நைல் பங்கு 55.5 பில்லியன். இருந்தும் எங்களுக்குப் போதவில்லை என்றார். எங்களுக்கு எப்படிப் போதும் என்றார் அண்ணன்.

மேலே இருப்பவர் யார் என்று அந்தப் பெண் கேட்டார். அதற்குப் பிறகு என்னால் நடுவே புக முடியவில்லை. கர்நாடகம் என்றார் இவர். எத்தியோப்பியா கட்டிய பெரிய அணை என்றார் அவர். சீனாவும் லாவோஸும் என்றார் மீகாங் பெண். அவர்கள் பக்கத்தில் கோடையில் ஆறு மெலிந்தால் கடல் உள்ளே ஏறி வரும். 2016-லும் 2020-லும் உப்பு ஏறி வயல்கள் கருகின. உப்பு என்றதும் அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தார். தலைஞாயிற்றிலிருந்து வேதாரண்யம் உப்பளம் அப்படி ஒன்றும் தூரமில்லை. உப்புத் தண்ணீர் ஏறுவது அவருக்குப் பாடப்புத்தகச் செய்தியில்லை.

பாடப்புத்தகத்தில் ஒரு வாக்கிய வகை உண்டு, நடக்காமல் போன ஒன்றை ‘நடந்திருந்தால்’ என்று பேசுவது. நான் நன்றாகப் படித்திருந்தால் தேறியிருப்பேன் என்ற உதாரணத்தோடு வரும். கல்லூரியில் அதை நடத்துவது கல்லில் நார் உரிக்கும் வேலை. 2024-இல் மேட்டூர் ஜூலை 28-இல்தான் திறந்தது. அண்ணன் அதைச் சொல்ல வேண்டியிருந்தது: ஜூனில் திறந்திருந்தால் குறுவை போட்டிருப்போம். தமிழில் யோசித்தார், ஆங்கிலத்தில் தேடினார், பாதியில் நின்றார். செவிலியர் பெண் ஒரு துண்டு எடுத்துக் கொடுத்தார். இவர் முடித்தார். உடனே பொறியாளர் எத்தியோப்பியாவை வைத்து ஒன்று சொன்னார், பிறகு மீகாங் பெண் சீனாவை வைத்து. வினை கொஞ்சம் உடைந்துதான் வந்தது. ஆனால் மூவருக்கும் குறை சொல்ல மேலே ஒருவர் இருந்தார். அந்த இலக்கணம் பிறந்ததே அதற்காகத்தானோ என்று எனக்குத் தோன்றியது. வகுப்பு முடிவதற்குள் கூகுள் இணைப்பைத் துண்டித்துவிட்டது. மறுபடி நுழைந்தார்கள்.

கொள்முதல் நிலையத்தைப் பற்றிச் சொல்லப்போய் அண்ணன் தோற்றார். ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் போனால் நெல்லை எடுக்க மாட்டார்கள், ஒவ்வொரு மழைக்கும் தளர்வு கேட்டு மனு கொடுக்க வேண்டும் என்பதை அந்தப் பெண்ணுக்கு எப்படிச் சொன்னாலும் ஏறவில்லை. அவர் ஊரில் வியாபாரி வயலுக்கே வந்து ஈர நெல்லை வாங்கிப் படகில் ஏற்றிக்கொண்டு போய்விடுவார். இது ஆங்கிலம் போதாததால் வந்த தடையில்லை என்று புரிந்ததும் நான் திருத்துவதை நிறுத்திவிட்டேன்.

ஒருவரை ஒருவர் எப்படிக் கூப்பிடுவது என்பதிலும் எங்கள் வகுப்பு பாடப்புத்தகத்தை மதிப்பதில்லை. வியட்நாமில் வயது தெரியாமல் ஒருவரிடம் பேசவே முடியாது. அண்ணனா, தம்பியா, அக்காவா என்று தெரிந்த பிறகே வாக்கியம் தொடங்கும். எனவே அந்தப் பெண் வந்த முதல் நாளே வரிசையாக எல்லோர் வயதையும் கேட்டார். நம்மவர் யாரும் தவறாக நினைக்கவில்லை, அதற்குள் அவர்கள் அவரிடம் கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேட்டு முடித்திருந்தார்கள். எகிப்தில் பொறியாளரைப் பெயர் சொல்லி அழைத்தால் மரியாதையில்லை, ‘பாஷ்முஹந்திஸ்’ என்பார்கள். இப்போது எங்கள் வகுப்பில் ஆங்கில வாக்கியத்துக்கு நடுவே அண்ணன், பாஷ்முஹந்திஸ், அக்கா எல்லாம் புழங்குகின்றன. ஐஇஎல்டிஎஸ் தேர்வாளர் எதிரில் மட்டும் வேண்டாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

அண்மையில் குழுவில் வாத்து பற்றிய விவாதம் ஓடுகிறது. அறுவடை முடிந்த வயலில் வாத்துக் கிடை போடுவது இங்கும் உண்டு, மீகாங்கிலும் உண்டு. அங்கே எத்தனை நாள் குஞ்சை வயலில் விடுகிறார்கள், முட்டை யாருக்கு, வயல்காரருக்கு என்ன கிடைக்கும் என்று அண்ணன் நீளநீளமாகக் குரல் பதிவு அனுப்புகிறார். அதில் காலமும் ஒருமை பன்மையும் தாறுமாறாக இருக்கின்றன, ‘டக்கு’ என்ற சொல்லின் உகரமும் அப்படியே. அந்தப் பெண் கடைசி மெய்யை விழுங்கி விழுங்கிப் பதில் சொல்கிறார். பொறியாளருக்கு வாத்தில் ஈடுபாடில்லை. ஆனால் நெல் வயலில் வாத்து விட்டால் தண்ணீர் எத்தனை அங்குலம் நிற்க வேண்டும் என்று நேற்றுக் கேட்டிருந்தார். அண்ணன் விரற்கடையில் பதில் சொல்லியிருக்கிறார். அதை மீட்டர் கணக்கில் எப்படிச் சொல்வது என்று என்னைக் கேட்கிறார்கள்.